மழை வந்தபோது அப்பா எங்கே இருந்தார்

என் அப்பாவுக்காக நான் இங்கிலீஷில் ஒரே ஒரு கடிதம்தான் எழுதினேன். அப்போது ராயக்கோட்டைப் பள்ளியில் இரண்டாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடிதத்தில் பொய் ஒன்றும் இல்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா புளி மண்டியில் களத்துக் காவல். காயப்போட்ட புளியை மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடுவது அவர் பொறுப்பு. சித்திரையில் ஒரு மத்தியானம் திடீரென்று மழை கொட்டியது. பாதிப் புளி நனைந்து வீணாயிற்று. மழை வந்தபோது நீ எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்று பெங்களூர் முதலாளியின் ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். பதில் இங்கிலீஷில் வேண்டும். சரியில்லை என்றால் வேலை போய்விடும்.

தாளைக் கொண்டுவந்த மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்மா தொரசாணி, தெனம் வீதி கேக்கறாப்பல இங்கிலீஷ் படிக்கிறியே, உங்கப்பனுக்கு ரெண்டு வரி எழுதிக் குடேன், பாக்கலாம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரம்தான் வாத்தியார் இறந்தகாலத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருந்தார். நடந்து முடிந்ததற்கு ஒன்று. ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கே வந்தால், நடந்துகொண்டிருந்ததற்கு வேறொன்று. இங்கே மழை குறுக்கே வந்தது. அப்படியானால் அப்பா எதையாவது செய்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

"மழ வரும்போது என்னப்பா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"உக்காந்துகினு இருந்தேன்."

"களத்துலயா?"

அப்பா உள்ளறையைப் பார்த்தார். "இங்கதான். உங்கம்மா பக்கத்துல."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தம்பி பிறந்த பத்தாம் நாள் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு உடம்பு தேறவில்லை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

'ஐ வாஸ் சிட்டிங்' என்று எழுதிப் பார்த்தேன். வாத்தியார் பார்த்தால் சரி போடுவார். முதலாளி பார்த்தால்? வேலை நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்த ஆள் என்றுதானே நினைப்பார்! அடித்துவிட்டு, முடிந்துபோன காரியங்களை மட்டும் எழுதினேன். மழை வந்தது. நான் ஓடினேன். புளியை மூடினேன். அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அதுக்கு முன்னாடி என்ன பண்ணேன்னு கேட்டிருக்காங்களே, பாப்பா?"

"அத எழுதினா வேல போயிரும்பா."

"வூட்ல ஒடம்பு சரியில்லன்னு ரெண்டு வரி..."

"வேணாம்பா. வாத்தியாரே இப்படித்தான் எழுதச் சொன்னாரு," என்றேன். வாத்தியாரிடம் நான் கேட்கவே இல்லை. அப்பா கைநாட்டு வைத்தார்.

வேலை போகவில்லை. ஆனால் மத்தியானம் களத்தை விட்டு நகரக் கூடாது, சோற்றை அங்கேயே தின்ன வேண்டும் என்று உத்தரவு வந்தது. இப்போது என் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும் மத்தியானங்களில், அந்த இரண்டு வரியையும் எழுதியிருந்தால் முதலாளி இரங்கியிருப்பாரோ என்று யோசிக்கிறேன்.

அப்பா என்னை மத்தியானம் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரச் சொன்னார். "ஒன்னும் செய்ய வேணாம். சும்மா உங்கம்மா பக்கத்துல உக்காரு, போதும்."

உட்கார்ந்தேன், அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புத்தகத்தோடு. சில நாள் விளையாட்டில் மறந்தும் போனேன்.

அந்த மாதங்களில் அப்பா தினமும் காலையில் தொட்டியை நிரப்பிவிட்டு, கிணற்றுக் கயிற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போவார். கேட்டால், கயிறு வெயிலில் இத்துப்போகிறது என்பார். தண்ணீர் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் போய் நிற்க வேண்டியது நான். ஆடி பிறந்து, அம்மா எழுந்து அடுப்புப் பற்றவைத்த பிறகுதான் கயிறு கிணற்றுக்குத் திரும்பியது. அப்பாவின் கஞ்சத்தனம் ஒருவழியாக விட்டது என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன்.