லத்தீப் பாஸின் நீல லொறி

செய்தி வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கிண்ணியாவிலிருந்து நாளாந்தம் வந்துபோகும் எங்கள் பள்ளிக்கூட எழுதுவினைஞர் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "டீச்சர், லத்தீப் பாஸ் விடிய சுபஹுத் தொழுகையோட மௌத்தாப் போயிட்டார். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம்" என்றார். பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்து, விடையை எழுதி, அதன் கீழே கோடும் இழுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கைவேலை தெரிந்த எவரையும் எங்கள் ஊர் பாஸ் என்றுதான் அழைக்கும். ஆனால் துறைமுகத்துப் பக்கம் வெறுமனே பாஸ் என்றால் அது லத்தீப் பாஸ்தான். வெள்ளைக்காரரின் கடற்படைத் தளத்தில் இளம் வயதில் பொருத்துநராக இருந்தவர். அவர்கள் கப்பலேறிப் போனபின் உட்துறைமுகக் கரையில் தகரக் கூரை போட்டுச் சொந்தமாகக் கராஜ் வைத்தார். உங்களில் அநேகருக்கு அவர் உங்கள் வண்டியைத் திருத்திக் கொடுத்தவர். எனக்கு அவர் யார் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

கராஜுக்குப் பின்னால், வாகை மரத்தின் கீழ், ஒரு பழைய சின்ன லொறியின் கூடு கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு காலத்தில் தளத்துக்குள் பாணும் கடிதங்களும் ஏற்றித் திரிந்த வண்டி. அதன் இயந்திரத்தை உப்புக் காற்று எப்போதோ தின்றுவிட்டிருந்தது. கழிவுப் பொருட்களோடு அதை வாங்கிய பாஸ், சில்லில்லாத அந்தக் கூட்டுக்குள் இருந்துதான் மதியச் சோறு சாப்பிடுவார். முன்கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் வெயிலில் மினுங்கிக்கொண்டிருக்கும். "இது எப்ப பாஸ் போகும்?" என்று யாராவது பகிடியாகக் கேட்டால், "போய்க்கிட்டுத்தான் இருக்கு. உங்களுக்கு விளங்கல்ல" என்பார்.

என் கணவர் பாலேந்திரன் நில அளவையாளர். ஒரு மழை நாளில் கந்தளாய் வீதியில் குறுக்கே வந்த எருமைக்காக அவர் காரை வெட்டித் திருப்பினார். மதகு ஒன்றுக்குப் பக்கத்தில் அது உருண்டது. அவர் வீடு திரும்பவில்லை, கார் திரும்பியது. லிங்கநகரில் எங்கள் வளவின் மூலையில் படங்கு போட்டு மூடி வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவது நின்றுபோயிருந்த காலம் அது. ஜப்பான் கார் என்பதால் ரயருக்கும் பற்றரிக்கும் எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். ஒருவருக்கும் நான் கொடுக்கவில்லை.

பாஸ் வந்தார். படங்கின் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு நேராகவே சொன்னார்.

"டீச்சர், நான் காருக்கு வரல்ல. இஞ்சின், கியர்பொக்ஸ், பின் அச்சு, இந்த மூண்டுக்கும் வந்தன். அந்தப் பழைய லொறிக்குள்ள வெச்சுப் பாக்கணும்."

"அது அவரைச் சாகடிச்ச வண்டி, பாஸ்."

"இல்ல டீச்சர். எருமை குறுக்கால வந்தது. ரோட்டு ஈரமா இருந்தது. பாடி நசுங்கினது. இஞ்சின் கடைசி நிமிசம் வரைக்கும் ஐயா சொன்னதத்தான் கேட்டிருக்கு."

அவ்வளவு காலமும் என்னிடம் யாரும் விபத்தைப் பற்றி வாய்திறந்ததில்லை. நான் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். அவர் மாற்றவில்லை. "கொண்டு போங்கோ" என்றேன். "ஆனா அது இந்த ஒழுங்கையால வரக் கூடாது. அதின்ரை சத்தம் என்ரை காதிலை விழக் கூடாது."

"ஓம்" என்றார்.

ஐந்தாறு மாதம் போனபின் ஒரு பின்னேரம் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றார்.

"ஒரு கேள்வி டீச்சர். மூண்டாவது கியர் போடக்குள்ள ஐயா கையை எடுப்பாரா, வெச்சிருப்பாரா?"

நான் யோசிக்கவே இல்லை. "வச்சிருப்பார். உள்ளங்கையாலை அமத்திக்கொண்டு. எடுத்தா கியர் கழண்டிடும்."

"அதானே பாத்தன். வேற என்ன செய்வார்?"

சொன்னேன். ஏற்றத்தில் முன்னுக்குச் சரிந்துகொள்வார், வண்டிக்கு உதவி செய்வதுபோல. பாலம் வந்தால் விசில் அடிப்பார். வெயிலில் வலது முழங்கையை வெளியே போட்டுப் போட்டு அந்தக் கை மட்டும் கறுத்துப் போயிருந்தது. படலையைப் பிடித்தபடி அரை மணித்தியாலம் கதைத்திருப்பேன். என் கணவரைப் பற்றிப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை.

"எனக்கு வாய்க்கதை காணாது டீச்சர். ஆறு வருசம் பக்கத்தில இருந்த ஆள் நீங்க. ஒருக்கா வந்து கேட்டுச் சொல்லுங்க" என்றார் பாஸ்.

அடுத்த சனிக்கிழமை போனேன். வாகை மரத்தின் கீழ் நின்றது நான் அறிந்த எந்த வண்டியுமில்லை. ஜன்னல் தூண்களில் துருப்பிடித்த இடமெல்லாம் வெட்டி ஒட்டியதில் கூரை நாலு விரல் இறங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூரத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. முன்மூடி மூடவேண்டும் என்பதற்காக இயந்திரத்தை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளி இருத்தியிருந்தார். பின் சில்லுகள் முன் சில்லுகளைவிட அகலம். பின்தட்டு முழுவதும் உப்புவெளியில் உடைந்து கிடந்த வள்ளத்தின் பலகைகள். அவற்றில் சுறா எண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. மீன்பிடிப் படகுகளுக்குப் பூசும் நீலத்தை எல்லாவற்றுக்கும் பூசியிருந்தார். மர நிழல் அசையும்போது, நின்ற இடத்திலேயே அது மிதந்தது.

உள்ளே ஏறி இடப்பக்கத்தில் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். பாஸ் திறப்பைத் திருப்பினார்.

இயந்திரம் உடனே பிடித்தது. நான் எதற்குப் பயந்து இத்தனை மாதம் காதைப் பொத்தியிருந்தேனோ அந்தச் சத்தம் வரவில்லை. இது வேறு குரல். தாழ்ந்த, நெஞ்சுக்குள்ளிருந்து வரும் குரல். எனக்கு அழுகை வந்தது. பயத்தால் அல்ல. அந்தப் பழைய சத்தத்தைக் கேட்க எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பாஸ் இயந்திரத்தை நிறுத்தினார். "புகைக்குழாய் நீளமாப் போட்டன் டீச்சர், அதால குரல் மாறிட்டு. வேணுமெண்டா கார்ட சைலன்சரப் போடுறன். கிட்டத்தட்டப் பழைய மாதிரி வரும்."

"வேண்டாம் பாஸ். இப்பிடியே இருக்கட்டும்" என்றேன். திரும்பி வரும்போது லிங்கநகர் வரைக்கும் அவர்தான் கொண்டுவந்து விட்டார். ஒழுங்கையின் முகப்பில் லொறியை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். "உள்ளை விடுங்கோ" என்றேன்.

அதைப் பதிவு செய்ய நாங்கள் பட்ட பாடு பெரிய கதை. இயந்திரத்துக்கு ஒரு பதிவுப் புத்தகம், லொறியின் அடிச்சட்டகத்துக்கு இன்னொரு புத்தகம். கார்ப் புத்தகம் என் பெயருக்கு மாறியிருந்ததால் நானும் கையெழுத்துப் போடப் போனேன். பரிசோதகர் லொறியைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். "இது என்ன சாமான்?" என்றார். "ஓட்டிப் பாத்திட்டு நீங்களே சொல்லுங்க சேர்" என்றார் பாஸ். ஏறிப் போன மனிதரை முக்கால் மணித்தியாலமாகக் காணவில்லை. ஒருவழியாக வந்து இறங்கினார். தலைமயிர் காற்றில் கலைந்திருந்தது. லொறி என்று எழுதி முத்திரை குத்தினார். பிரேக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் பாஸுக்கு மனம் ஆறவில்லை. லொறி காரைவிட நீளம். அதனால் கியர்பொக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழல்தண்டை வெட்டி, இடையில் குழாய் ஒட்டி நீட்டியிருந்தார். நாற்பது மைல் வேகத்தை நெருங்கும்போது அந்தத் தண்டு நடுங்கும். பலகைக்குப் பலகை அந்த நடுக்கம் ஓடும். மீன் ஏற்றப் போதும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். "மீனுக்கு வலிக்காது, ஓம்" என்பார் பாஸ், அரைமனதாக.

அந்த மார்கழியில், குடாக்கடலுக்கு அப்பால் கிளிவெட்டியில் என் தகப்பனார் வயல் வரம்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அசையாமல் படுக்க வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். கடல் பொங்கி மூதூருக்குப் படகு இல்லை. வெள்ளத்தில் ஆறுகளைக் கடத்தும், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைகளும் நின்றுவிட்டன. மிச்சம் ஒரே வழி கந்தளாய்க்குப் போய்ச் சுற்றி வருவது. அந்த வீதியில் நான் மூன்று வருடமாகக் கால் வைக்கவில்லை.

இரவு கராஜிலேயே தங்கியிருந்த பாஸ் விடியக் காலையில் லொறியோடு வந்தார். ஊர் எல்லை தாண்டியதும் ஓரமாக நிறுத்தி இறங்கினார்.

"டீச்சர், நீங்க ஓட்டுங்க."

என்னிடம் லைசன்ஸ் இருந்தது. உப்புவெளி வீதியில் என் கணவர் பழக்கியது. அவர் போனபின் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. "எனக்கு ஏலாது பாஸ்" என்றேன்.

"உங்கட வாப்பாவ இதிலதான் கிடத்திக் கொண்டுவரப் போறம். இந்த நடுக்கத்தோட வந்தா முறிஞ்ச எலும்பு என்ன பாடு படும்? அதை இப்ப, போகக்குள்ளயே எடுக்கணும். நான் பின்னால படுத்துப் பலகையில காது வெச்சாத்தான் எங்க எண்டு விளங்கும். ரெண்டு இடத்தில இருக்க எனக்கு ஏலாது. நீங்க முப்பத்தஞ்சில இருந்து நாப்பதுக்குள்ள முள்ளப் பிடிச்சுக்கிட்டு ஓட்டுங்க. வேற ஒண்டும் செய்ய வேணாம்."

ஓட்டினேன். நாற்பதை நெருங்கியதும் ஸ்டியரிங் வரைக்கும் அந்த நடுக்கம் ஓடியது. மழை விட்டு, இரண்டு பக்கமும் காடு ஈரமாகப் புகைந்துகொண்டிருந்தது. நான் முள்ளையும் வீதியையும் மட்டும் பார்த்தேன். பாஸ் பலகையில் தட்டுவார், நிறுத்துவேன். அவர் கீழே ஊர்ந்து போவார். தண்ணீர்க் குழாய் இறுக்கும் இரும்பு வளையங்கள் இரண்டைத் தண்டில் பூட்டியிருந்தார். அவற்றைக் கொஞ்சம் திருப்பி இறுக்கினால் பாரம் இடம் மாறும், நடுக்கமும் மாறும். திருப்பிவிட்டுச் சேறோடு வந்து, "எப்பிடி இருந்தது?" என்று கேட்பார். "முப்பத்தெட்டிலை துடங்குது, முந்தி மாதிரி இல்லை" என்பேன். மறுபடி ஏறுவார். நாலாவது தரம் முள் முப்பத்தெட்டைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது. ஒன்றும் இல்லை. லொறி தரையை விட்டுக் கிளம்பியதுபோல் அப்படி ஒரு அமைதி. அந்த அமைதிக்குள் எவ்வளவு தூரம் போனேன் என்று சொல்லத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது எதிரே கந்தளாய்க் குளக்கட்டு, வானம் அளவு தண்ணீர்.

மதகு பின்னால் போய்விட்டிருந்தது. எப்போது கடந்தேன் என்று எனக்குத் தெரியாது.

வைக்கோல் மெத்தை போட்டு அப்பாவை வள்ளப் பலகையில் கிடத்திக்கொண்டு திரும்பினோம். பாஸ் ஓட்ட, நான் பின்னால் அப்பாவின் தலைமாட்டில் இருந்தேன். வெள்ளம் மூடிய வயல்களுக்கு நடுவே வீதி ஒரு கோடாகக் கிடந்தது. அப்பா ஒருமுறை கண் விழித்து, "பிள்ளை, வள்ளத்திலையே போறம்?" என்று கேட்டார். "ஓம் அப்பா" என்றேன். அவர் மறுபடி உறங்கிவிட்டார். மதகை நான் அப்போதுதான் பார்த்தேன். புல் வளர்ந்திருந்தது. அதன்மேல் ஒரு கொக்கு நின்றது.

ஆஸ்பத்திரி வாசலில் பாஸிடம் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கோ. நடுக்கத்துக்காகவோ என்னை ஓட்டச் சொன்னனீங்கள், எனக்காகவோ?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டுக்கும்தான் டீச்சர்" என்றார்.

அப்பா பிறகு ஊன்றுகோலோடு நடந்து பல வருடம் இருந்தார். நீல லொறி இப்போது பாஸின் மூத்த மகனிடம் ஐஸும் மீனும் ஏற்றுகிறது. அது அவர்களுடையது, அவர்களிடமே இருக்கட்டும்.

பாஸ் மௌத்தான அன்று நான் பஸ்ஸில் போய், மிதவைப் பாதையில் ஏறி, அக்கரையில் கிண்ணியாவிலுள்ள அவர் வீட்டைச் சேர்ந்தபோது ஆண்கள் ஜனாஸாவோடு போய்விட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் பேசாமல் இருந்தார்கள். பாஸின் மனைவி ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். பாஸ் என் படலையடியில் வந்து நின்று கேட்ட விதம்தான் நினைவுக்கு வந்தது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றுதான்: இழந்தவரிடம் போனால், போனவரைப் பற்றிக் கேட்பது.

"ராத்தா, பாஸுக்கு வீட்டிலை கோவம் வந்தா என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

ராத்தா என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு, "சீனி போடாமத் தேத்தண்ணி குடிப்பார்" என்றார். "ஏன் சீனி போடல்லயெண்டு நான் கேக்கணும். நான் கேக்கமாட்டன். மூணு நாளைக்கு மேல தாங்கமாட்டார், நாலாம் நாள் அவரே வந்து சீனிப் போத்தலத் தேடுவார். நான் ஒளிச்சு வெச்சிருப்பன்."

மூலையிலிருந்த அவருடைய மகள் சிரித்துவிட்டாள். இன்னொருத்தி, "மாமா எங்கட வீட்டுக்கும் சீனி கேட்டு வந்திருக்கார்" என்றாள். அதன்பின் ஒருவர் மாறி ஒருவர் சொல்லத் தொடங்கினார்கள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். மையவாடியில் அடக்கிவிட்டுத் திரும்பிய ஆண்கள் உள்ளே கேட்ட சத்தத்தில் திகைத்துப் படலையடியில் நின்றுவிட்டார்கள். ராத்தா அவர்களைக் கண்டார். கண்டும் கதையை நிறுத்தவில்லை.