பல்லு மேல பழி

பஸ் டெப்போல எலக்ட்ரீஷியன் வேலை, இருபத்திரண்டு வருஷமா. எல்லாரும் கூப்பிடுறது ஃபியூஸ் அக்கா. ஹெட்லைட் எரியலைன்னு வண்டி வந்தா அக்கா முதல்ல பல்பைத் தொடமாட்டா. தொடுறவனையும் விடமாட்டா.

"பல்பு பாவம்டா, அது என்ன பண்ணும்? ஒயரைப் பிடிச்சு அடி வரைக்கும் போய்ப் பாரு!"

அப்படிப்பட்டவதான் தன் வாயிலிருந்து நல்ல பல்லு ரெண்டைப் பிடுங்கிட்டு வந்து நின்னா.

வலி வலது கன்னத்துல. சாதாரண வலி இல்லை, கரண்ட் அடிக்கிற மாதிரி. சுளீர்னு ஒரு வெட்டு, ரெண்டு செகண்ட், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். முகம் கழுவினா வரும், பேசினா வரும், காத்து பட்டாலே வரும். வண்டி ரிப்பேர் பாக்குற ஷெட்ல ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேன் உண்டு. ஒரு நாள் அது சுத்த ஆரம்பிச்சதும் அக்கா ஸ்பேனரை வீசிட்டுக் கன்னத்தைப் பொத்திக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா. டயர்காரர் ஓடிப்போய் சுவிட்சை அணைச்சார். அதுக்கப்புறம் பதினோரு மாசம் அதை யாரும் போடலை. பன்னெண்டு பேரு எஞ்சின் சூட்டுல வெந்தாங்க, ஒருத்தரும் முணுமுணுக்கலை. வலியை விட அதுதான் அக்காவை அரிச்சுது.

"ஃபேனைப் போட்டுக்கங்க, நான் வெளிய நிக்கிறேன்."

"நீ வெளிய நின்னா வயரிங் பாக்க என் மாமியாரா வருவா?"ன்னார் டயர்காரர்.

மேனேஜர் நல்ல மனுஷன் மாதிரி பேசினார். "கேட்ல சீட்டு எழுதும்மா. உக்காந்த வேலை."

"ஷெட்டை விட்டுப் போகமாட்டேன் சார்."

சொல்லிட்டு நேரா பல் டாக்டர்கிட்ட போனா, மூணாவது பல்லைக் கொடுக்க.

"எக்ஸ்ரேல பல்லு சுத்தமா இருக்கு. போன ரெண்டும் இப்படித்தான் இருந்துச்சு. நீங்கதான் அடம் பிடிச்சீங்க"ன்னார் அவர்.

"வலி அங்கதான டாக்டர் இருக்கு? பிடுங்குங்க."

"அந்த ரெண்டைப் பிடுங்கினப்போ வலி நின்னுச்சா?"

"இல்லை."

"அப்புறம்?"

அக்கா திறந்த வாயை மூடிக்கிட்டா. அப்புறம் எழுந்து கழுத்துல கட்டின துண்டை அவுத்தா.

"ஒயரைப் பாக்கவே இல்லையே டாக்டர். ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நானே பல்பை மாத்திட்டு உக்காந்திருக்கேன்!"

பல் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோட நரம்பு டாக்டரம்மாவைப் பாத்தா. ஸ்கேன் எடுத்தாங்க. டாக்டரம்மா படத்துல பேனாவை வச்சுக் காட்டினாங்க. "இது முகத்துக்கு வர்ற நரம்பு. மூளையை விட்டு வெளிய வர்ற இடத்துல ஒரு ரத்தக்குழாய் வளைஞ்சு வந்து இது மேல படுத்திருக்கு. துடிக்கும்போதெல்லாம் இடிக்குது. இடிச்சு இடிச்சு நரம்போட மேலுறை தேஞ்சுபோச்சு."

"பைப்பு உரசி ஒயர் உரிஞ்சிருக்கு. ஷெட்லன்னா நடுவுல ஒரு துண்டு ரப்பர் சொருகுவோம்."

டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. "நாங்களும் அதேதான். பஞ்சு மாதிரி ஒரு சின்னத் திண்டு வைப்போம். ஆனா முதல்ல மாத்திரை."

மாத்திரை வலியைக் குறைச்சுது, தலையைச் சுத்த வச்சுது. ஏணியில ரெண்டு தடவை தடுமாறினா. ஆபரேஷன்னா அந்தப் பக்கம் காது மந்தமாகலாம், முகம் மரத்துப்போகலாம், வலி திரும்பியும் வரலாம். டாக்டரம்மா ஒண்ணையும் மறைக்கலை.

ஆபரேஷனே பண்ணிக்கிறேன்னு அக்கா சொன்னதும் பஸ் ஓட்டுற புருஷன் எழுந்து நின்னுட்டார். "மண்டையைத் திறக்கிறதா? வேண்டவே வேண்டாம். கேட்லயே உக்காரு."

"ஸ்டீயரிங் ஆடினா டெப்போவுக்குக் கொண்டு வருவீங்களா, இல்லை மெதுவா ஓட்டிக்கிட்டே இருப்பீங்களா?"

அவர் அக்காவோட கொண்டையைத் தொட்டுப் பாத்தார். அப்புறம், "முடியை மொத்தமா எடுத்துடுவாங்களா?"

"காதுக்குப் பின்னாடி கொஞ்சம்."

"அப்ப சரி"ன்னார்.

ஆபரேஷன் முடிஞ்சு பத்து வாரம் கழிச்சு அக்கா ஷெட்டுக்குள்ள வந்தா. வலது காது கொஞ்சம் மந்தம்தான். யார்கிட்டயும் நின்னு பேசலை, நேரா ஃபேன் சுவிட்சுக்கிட்ட போனா.

"இன்னைக்கேவா? ஒரு வாரம் போகட்டுமே"ன்னு டயர்காரர் குறுக்க வந்தார்.

"தள்ளுங்கண்ணே."

வலது கன்னத்தை ஃபேனுக்கு நேரா திருப்பி வச்சுட்டு சுவிட்சைத் தட்டினா. அக்கா லீவுல இருந்தப்பவும் யாரும் அதைத் தொடலை; அத்தனை மாசத்துத் தூசியும் ஒரேயடியா கிளம்புச்சு. பன்னெண்டு பேரும் சாம்பல் பூசின மாதிரி நின்னு இருமினாங்க. அக்கா ஒரு தும்மல் போட்டா. முன்னெல்லாம் ஒரு தும்மலுக்கே வலி ஆளைச் சாய்ச்சுடும். பல்லைக் கடிச்சுட்டு எண்ணினா. ஒண்ணு. ரெண்டு. மூணு.

காத்து, வெறும் காத்தா இருந்துச்சு.

"என்ன வேடிக்கை? எந்த வண்டிக்கு லைட் எரியலை?"ன்னு ஏணியை இழுத்தா.

"உன் மூஞ்சியை முதல்ல தொடைம்மா"ன்னு தன் துண்டைத் தூக்கிப் போட்டார் டயர்காரர்.