வெற்று டேப்பில் எது நல்லது?

வெற்று டேப் விற்பதில் ஒரு வசதி, விற்கும்போது அதில் ஒன்றுமே இருக்காது. புகார் எல்லாம் அதில் ஏதாவது ஏறிய பிறகுதான் வரும். இரண்டாயிரத்துக்குப் பின் நாலைந்து வருடம் சிவகாசியில் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய டேப் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் "எது நல்லது?" என்றுதான் கேட்பார்கள். எந்தத் தொழிலிலாவது இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட்டுப் பிறகு முழித்திருக்கிறீர்களா? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறு நிமிடம்

திருத்தங்கலிலிருந்து முத்துமாரி வந்தார். தீப்பெட்டி கம்பெனியில் வேலை. பங்குனிப் பொங்கலுக்குக் கும்மி அடிக்கும் பெண்களில் பாட்டெடுத்துக் கொடுப்பவர் அவருடைய அக்கா. அக்கா குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூருக்குக் கிளம்புகிறது. போவதற்குள் பாட்டை எல்லாம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அறுபது நிமிட கேசட்டா, தொண்ணூறா? "தொண்ணூறு வாங்கிக்கோங்க, எல்லாப் பாட்டும் ஒண்ணுலயே அடங்கிரும்" என்றேன்.

தொண்ணூறில் நாடா மெல்லிசு. பழைய பிளேயர் இழுத்துச் சுற்றிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். வீட்டில் என்ன பிளேயர் இருக்கிறது என்று கேட்கத்தான் தோன்றவில்லை. மூன்றாம் வாரம், அக்கா திருப்பூர் போய்ச் சேர்ந்த பிறகு, மஞ்சள் பையில் இடியாப்பம் மாதிரி நாடாவைக் கொண்டுவந்தார். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து நீவி, வெட்டி, ஒட்டினேன். நாலு பாட்டு தேறியது. போட்டுக் கேட்டுவிட்டு முத்துமாரி சொன்னார்: "நாலு பாட்டுன்னா, கும்மில ஒரு சுத்து வாரதுக்குள்ள முடிஞ்சிருமே அண்ணாச்சி."

அட்டையைப் பார்த்தவர்

ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டும் ஒருவர் ஐந்து கேசட் கேட்டார். எடுத்துக் கொடுத்தால், கேசட்டைத் தொடாமல் அட்டையை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அச்சுல சிவப்பு ஒரு நூல் விலகி நிக்குது. இது டூப்ளிகேட்" என்று மேஜை மேல் வைத்துவிட்டார். மதுரையில் எனக்குச் சரக்குப் போடுகிறவர் பல வருடப் பழக்கம். அதைச் சொல்லி நானும் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். அவர் வாங்காமல் போய்விட்டார்.

ஒரு மாதத்துக்குள் அதே பெட்டியில் விற்ற கேசட்டுகள் ஒன்றொன்றாகத் திரும்பி வந்தன. பாட்டுக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டி மாதிரி ஒரே இரைச்சல். அவரைத் தேடி அச்சகத்துக்கே போனேன். காலண்டர் சீசன், மெஷினை நிறுத்தாமல் சொன்னார்: "வெளிய தெரியுறதையே ஒழுங்கா அடிக்காதவன், உள்ள இருக்குறத ஒழுங்காச் செஞ்சிருப்பானா?"

உறை பிரிக்காத ஸ்பூல்

பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் வீட்டில் பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் இருந்தது. தட்டு மாதிரி இரண்டு சக்கரம் வெளியே சுற்றுமே, அந்த வகை. நான்தான் அதைச் சரிபார்த்து வைத்திருந்தேன். அவர் மனைவி நன்றாகப் பாடுவார். தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவானதும் முதலாளியே கடைக்கு வந்தார். "அதுக்கப்புறம் குரல் வராதுன்னுட்டாங்க தம்பி. இப்பவே பதிஞ்சு வச்சிக்கிடணும். நல்ல டேப்பா ஒண்ணு குடுங்க."

என்னிடம் இரண்டு ஸ்பூல் இருந்தன. ஒன்று யாரோ பயன்படுத்தியது; பெட்டி நசுங்கியிருந்தது, ஆனால் நான் ஓட்டிப் பார்த்து அழித்து வைத்தது. மற்றது உறையே பிரிக்காதது. எந்தக் காலத்துச் சரக்கோ, தெரியாது. அம்புட்டுப் பெரிய வீட்டுக்குப் பழையதைக் கொடுக்க எனக்குக் கூச்சம். உறை பிரிக்காததைக் கொடுத்தேன்.

அந்தம்மா ஒரு மணி நேரம் பாடினாராம். அன்றைக்கே ஒரு தடவை போட்டும் கேட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து மறுபடி போட்டபோது டேப் கிரீச்சிட்டு நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். வருடக்கணக்கில் கிடந்த நாடாவின் பழுப்புப் பூச்சு பசையாகி, நாடா உரசிப் போகும் ஹெட் முழுக்க அப்பியிருந்தது. துடைத்துவிட்டு ஓட்டினால் மறுபடி உரிந்தது. எங்கே உரிந்ததோ அங்கே பாட்டு இல்லை. மதியம்வரை போராடிவிட்டு, இரண்டு ஸ்பூல் இருந்ததையும் கூச்சப்பட்டதையும் சொல்லிவிட்டேன். முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தம்மா கழுத்துக் கட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நோட்டை எடுத்து எழுதி என் பக்கம் நீட்டினார்: "ரெண்டையும் கொடுத்திருக்கலாமே தம்பி."

அதற்குப் பிறகு எது நல்லது என்று யார் கேட்டாலும் இரண்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கடைக்காரன் வேறு என்ன சொல்வான் என்று சிரித்தபடி எல்லோரும் ஒன்றே வாங்கிப் போனார்கள்.