பி.டி. சாருக்கு ஒரு கல்யாண வாழ்த்து

தொண்ணூறுகளில் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளில் பாதிப் பேர் தறி ஓடும் வீட்டிலிருந்து வருவார்கள், மீதிப் பேர் கோழிப்பண்ணை வீட்டிலிருந்து. கதை சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். செய்யுள் என்று புத்தகத்தைப் பிரித்தால் போதும், ஒருவனுக்கு வயிறு வலிக்கும், இன்னொருத்திக்குத் தண்ணீர் தவிக்கும்.

நானும் விடவில்லை. ராகம் போட்டுப் பாடிப் பார்த்தேன். சோவென்று மழை கொட்டிய ஒரு நாள் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, மழையைப் பற்றி ஆளுக்கு நாலு வரி எழுதச் சொன்னேன். அத்தனை பேரும் ‘மழையே மழையே வா’ என்று ஆரம்பித்திருந்தார்கள். சாரல் அடித்து நோட்டு நனைகிறது, மழையைக் கூப்பிடுகிறார்கள்! தலையில் அடித்துக்கொண்டேன்.

வகுப்புத் தலைவி ஒரு கோழிப்பண்ணை வீட்டுப் பெண். வாயாடி. அவள்தான் எழுந்து கேட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க டீச்சர். மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிப்போடறோமுங்க. அதுக்கு மேல இதை வெச்சு என்னுங்க பண்றது?”

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் வரும். அதட்டி உட்கார வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பி.டி. சாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்போதெல்லாம் எங்கள் பக்கம் வாழ்த்து மடல் இல்லாத கல்யாணம் கிடையாது. வேண்டியவர்கள் சேர்ந்து ஒரு கவிதையை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் மைக்கைப் பிடித்து வாசித்துக் கொடுப்பார்கள். தமிழ் டீச்சர் என்பதால் எங்கள் பள்ளிக்கூடத்து வாழ்த்தெல்லாம் என் தலையில்தான் விழும். ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதில் நிலவு, தென்றல், தேர், முரசு எல்லாம் உண்டு.

கட்டுரை நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்த தலைவி, அதை எட்டிப் பார்த்துவிட்டுக் கொல்லென்று சிரித்தாள்.

“இது யாருங்க டீச்சர்? நம்ம பி.டி. சாருங்களா? தென்றலுங்களா அவரு?”

வகுப்பே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“அவ்வளவு தெரிஞ்சவ நீயே எழுது. எல்லாரும் எழுதுங்க பாக்கலாம்!”

சொன்ன பிறகுதான் கவனித்தேன், ஒருவனுக்கும் வயிறு வலிக்கவில்லை. பி.டி. சார் எப்படி விசில் ஊதுவார், எப்படி முறைப்பார் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் இரண்டே கட்டளை போட்டேன். எழுதுவது நிஜமாக இருக்க வேண்டும், அவர் மனம் நோகக் கூடாது. மறுநாளும் அதே சண்டை. அவருடைய வழுக்கையைப் பற்றி ஒருவன் அருமையாக இரண்டு வரி கொண்டுவந்தான். கைதட்டிவிட்டு, “கல்யாணத்தன்னைக்கு வேண்டாமுங்க, பாவமுங்க” என்று அவர்களே அந்த வரிகளை அடித்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் ஊமை போல இருக்கும் ஒரு தறி வீட்டுப் பையன், தனக்குக் காலில் அடிபட்ட நாளைச் சொன்னான். அதற்கப்புறம் சண்டை ஓய்ந்து, கவிதை தானாக முடிந்தது. நான் எழுதியதை எடுத்து வைத்துவிட்டு, அதையே அச்சடிக்கக் கொடுத்தேன்.

கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டுப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையைச் சபையில் கேலி செய்துவிட்டார்கள் என்று யாராவது முகம் சுளித்தால், எனக்கு விழும் திட்டு போகட்டும், இந்தப் பிள்ளைகள் இனி ஆயுசுக்கும் ஒரு வரி எழுதமாட்டார்கள். அதுதான் என் பயம். தலைவி மைக்கைப் பிடித்தாள்.

‘விசில் ஊதி எங்களை
வெயிலில் ஓட விட்டீர்.
நீங்கள் மட்டும் மொபெட்டில்
பின்னால் வந்தீர்.
கால் பிசகி விழுந்தவனை
வண்டியில் ஏற்றினீர்.
அவன் அழுததைப் பார்க்காமல்
சாலையையே பார்த்தீர்.
அக்கா, உங்களையும் இவர் ஓட விட்டால்
ஒரு வார்த்தை சொல்லுங்கள்.
ஓடி வருகிறோம்.
ஓடத்தான் கற்றுத் தந்திருக்கிறார்.’

மொபெட் வரி வந்தபோது முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “ஏனுங்க, இதென்னுங்க இது?” என்று என் பக்கம் திரும்பினார். முதலில் சிரித்தது கல்யாணப் பெண்தான். மாலை குலுங்கச் சிரித்தாள். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. பி.டி. சார் மட்டும் சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

விடுப்பு முடிந்து வந்த அன்று, அவர் நேராக என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஓட விடப் போகிறார் என்று பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ஏனுங்க டீச்சர், எங்கூட்டுல ஒரே சண்டைங்க. பாட்டு முச்சூடும் நான்தான் இருக்கறனாம். அவளைப் பத்தி ஒண்ணுமே இல்லையாம். அவளுக்குன்னு தனியா ஒண்ணு வேணுமாம். எழுதித் தாரீங்களா கண்ணுகளா?”

என் கையில்தான் நிலவும் தென்றலும் தயாராக இருந்தனவே. ‘இப்போதே தருகிறேன்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைவி எழுந்துவிட்டாள்.

“அதெப்படிங்க சார்? அவங்களை எங்களுக்குத் தெரியாதுங்களே. தெரியாதவங்களைப் பத்தி என்னுங்க எழுதறது?”

இத்தனை வருஷம் செய்யுள் நடத்திய நான் இதை ஒரு நாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. பி.டி. சார் ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்கு வரச் சொன்னார். முழு வகுப்பும் போனது, நானும் போனேன்.