இரண்டாவது ஸ்டிக்கர்

“வண்டி ஓடிட்டு இருந்தப்போ மீட்டர்ல எந்த லைட் எரிஞ்சதுங்க?”

போனில் ஒரு பெண் இப்படிக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மின்சாரம் பற்றி வந்த கேள்விகளுக்கெல்லாம் கூடுதல் தாள் வாங்கி எழுதியவள் நான். இந்த ஒற்றை வரிக்கு என்னிடம் எதுவும் இல்லை. பின் சீட்டில் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

அத்தையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது.

அத்தை, என் அப்பாவின் அக்கா. பெரிய மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் பன்னிரண்டு வருடம் உதவியாளராக இருந்தாள். சக்கர நாற்காலி தள்ளுவதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும் வேலை. நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டுக் கால் நடுங்க வெளியே போகிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்பதைத் தினமும் பார்த்தாள். ஒரு நாள் ஒரு அம்மா நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் எழ முடியாமல் மூன்று பஸ்ஸை விட்டார். அடுத்த மாதமே அத்தை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்விட்டாள். அப்போது வயது நாற்பத்து நான்கு.

“இந்த வயசுல பயம் வருமேம்மா” என்றாராம் சொல்லிக் கொடுத்தவர்.

“எனக்கு வந்தா நான் பிரேக் போடுறேன். உங்களுக்கு வந்தா நீங்க இறங்கிக்கோங்க.”

பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கி, வேலையை விட்டு, அந்தப் பிரிவின் நோயாளிகளையே வீட்டிலிருந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட ஆரம்பித்தாள். எட்டுப் பேர். யாருக்கு ஜன்னல் பக்கம், யாருக்கு வாந்தி வரும், யார் பேச்சுக் கொடுத்தால் அழுவார், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். காருக்குப் பெயர் ‘கிழவி’. மீட்டரில் எரிகிற விளக்குகளுக்கும் பெயர் வைத்திருந்தாள். இன்ஜின் ஆயில் விளக்கு ‘கெண்டி’. பேட்டரி விளக்கு ‘டப்பா’. மஞ்சளாய் எரியும் இன்ஜின் விளக்கு, படம் அப்படி இருப்பதால், ‘ஆமை’.

ஆமை எட்டு மாதமாக அணையவே இல்லை. “ஏதோ ஒரு சென்சார் கெட்டுப்போச்சுக்கா, வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, பாக்காதீங்க” என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் ஏறுகிறவர்கள் பார்த்தார்கள். உடம்புக்கு முடியாதவர்களுக்கு எதைப் பார்த்தாலும் கிலி. “என்னமோ எரியுதே, நடுவுல நின்னுடுமா?” என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள். ஒரு பாட்டியம்மா வாசல் வரை வந்து, விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பியே போய்விட்டார்.

தேர்வு முடிந்து வீட்டில் நான் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல் திரிந்த காலம் அது. “சீலிங் ஃபேன் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணினது போதும், கிளம்பு” என்று அத்தை என்னை முன் சீட்டில் உட்கார்த்தி வைத்திருந்தாள். ஆப்பிள் பழத்தில் ஒட்டி வருமே சின்ன ஸ்டிக்கர், அதில் ஒன்றை உரித்து ஆமையின் மேல் ஒட்டினேன். அது கோணலாக விழுந்தது. அழகுக்காகப் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து ஒரு பூ மாதிரி இருந்தது.

“ஆமைக்குப் போர்வையா? நடத்து நடத்து” என்று அத்தை சிரித்தாள். அந்த இரண்டாவது ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. யாரும் அதற்குப் பிறகு பயப்படவில்லை.

வண்டி நின்றுபோன அந்த வியாழக்கிழமை ஏற்றியது எட்டுப் பேரில் ஒருவரான தையல்காரரை. அறுபது வயது. அத்தையிடம் ரொம்ப உரிமையாகப் பேசுவார். காய்ச்சலில் கிடந்ததால் முந்தைய முறையைத் தவறவிட்டிருந்தார். மெஷினில் படுத்து ஐந்து நாள் ஆகிவிட்டது. கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. கையில் எடுத்துக்கொண்டு வந்தார். “இன்னிக்கு விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறிடும். ஒரு மணிக்குள்ள கொண்டு வந்துடுங்க” என்று டாக்டர் போனிலேயே சொல்லியிருந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டி புறவழிச் சாலையில் ஏறியதும் அவர், “வேர்க்குது தங்கச்சி” என்றார். அவர் உடம்புதான் காரணம் என்று நினைத்து ஏசி காற்றை நான்காம் எண்ணில் வைத்தேன். காற்று வந்தது, குளிர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டு நின்றது. ஜன்னல் கண்ணாடி பாதியில் இறங்கிச் சோர்ந்தது. அத்தை ஹார்ன் அடித்தபோது சளி பிடித்த தொண்டை மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கிழவி இரண்டு முறை குலுங்கி, ஓரமாக உருண்டு, நின்றுவிட்டது. மணி பன்னிரண்டு நாற்பது. ஒரு பக்கம் தொழிற்சாலை மதில், மறு பக்கம் சர் சர்ரென்று பறக்கும் வண்டிகள். மருத்துவமனைக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர்.

ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். அந்தப் பகுதி வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அத்தை சாலையில் இறங்கிக் கை காட்டினாள். யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஒரு லாரிக்காரர் மட்டும் நிறுத்தினார். அந்த உயரத்துக்குத் தையல்காரரை ஏற்ற மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். படியில் கால் வைத்ததும் அவர் உதடு நீலமாகிவிட்டது. திரும்பக் காரிலேயே சாய்த்து உட்கார வைத்தோம்.

முன் கண்ணாடியில் சாலை உதவி எண் ஒட்டியிருந்தது. அதற்கு அடித்தபோதுதான் அந்தப் பெண் வண்டி எண், கிலோமீட்டர் கல் எல்லாம் கேட்டுவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எங்கள் பள்ளியில் தெரியாத கேள்வியைக் கூடக் காலியாக விடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள்.

“மஞ்சள் லைட். இன்ஜின் லைட்” என்றேன்.

“அப்ப இன்ஜின் கோளாறா இருக்கும். இழுத்துட்டுப் போற வண்டிதான் அனுப்பணும். ரெண்டு மணி நேரம் ஆகும்.”

ரெண்டு மணி நேரம் என்று நான் சொன்னதும் அத்தை காரின் மேல் கை ஊன்றி நின்றாள். பன்னிரண்டு வருடம் அந்தப் பிரிவில் இருந்தவள். ரெண்டு மணி நேரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். உள்ளே போய் அவர் முதுகை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, தூங்காதீங்க. என் ஜாக்கெட்டுக்கு அளவு தப்பா வெட்டினீங்களே, அதுக்கு இன்னும் பதில் சொல்லல நீங்க.”

“நீ... குண்டாயிட்ட” என்றார் அவர். சிரிக்கப் போய் இருமினார். இருமலில் நுரை வந்தது.

ஒன்று இருபதுக்கு அந்தப் பெண்ணே திரும்ப அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். “இழுவை வண்டி இன்னும் கிளம்பலைங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, சின்ன டப்பா மாதிரி சிவப்பு லைட் எரிஞ்சதா? அதுன்னா பக்கத்துல பைக்ல ஒரு மெக்கானிக் இருக்காரு, இருபது நிமிஷத்துல பேட்டரியோட வருவாரு.”

மீட்டரில் டப்பாவைத் தேடினேன். பெட்ரோல், ஹேண்ட் பிரேக், கெண்டி. டப்பா இல்லை. அத்தை எட்டிப் பார்த்தாள். அவள் கண் ஸ்டிக்கரில் நின்றதைக் கவனித்தேன். இரண்டாவது ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் டப்பா இருந்தது.

சாவியைத் திருப்பினேன். மங்கலாக எல்லா விளக்கும் எரிந்தன.

“டப்பா எரியுது! ஆனா எல்லாமே எரியுது.”

“இப்ப எரியறது கணக்கில்லைங்க. சாவி போட்டா எல்லாம் எரியும். ஓடும்போது எரிஞ்சதா?”

யார் பார்த்தது? பூ மாதிரி ஒட்டி வைத்திருந்தேனே.

தையல்காரர் கையைத் தூக்கினார். ஒவ்வொரு சொல்லாக வந்தது. “கிளம்பின கொஞ்ச நேரத்துல... முன்னாடி பட் பட்டுன்னு அடிச்சுது. என் தையல் மிஷின்ல... பெல்ட் அறுந்தா அந்தச் சத்தம்தான். சொல்லலாம்னு எட்டி மீட்டரப் பார்த்தேன். சிவப்பா ஒண்ணும் எரியல. சரி, எனக்கென்ன தெரியும்னு... விட்டுட்டேன்.”

அவர் பார்வை என் விரல் நுனியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கு வந்தது.

மெக்கானிக் ஒன்று நாற்பத்தைந்துக்கு வந்தார். மூடியைத் தூக்கி அறுந்த பெல்ட்டை உருவிக் காட்டினார். பேட்டரிக்குச் சார்ஜ் கொடுப்பதும் ஏசியைச் சுற்றுவதும் அந்த பெல்ட்தான். அது அறுந்த நிமிடத்திலிருந்து இருந்த சார்ஜில்தான் ஓடியிருக்கிறோம். நான் வைத்த நான்காம் எண் காற்று அதையும் குடித்திருக்கிறது. “பேட்டரி லைட் எரிஞ்சப்பவே எல்லாத்தையும் அணைச்சுட்டு நேரா போயிருந்தா ஆஸ்பத்திரி வாசல்ல போய் நின்னிருப்பீங்களே” என்றார். முழு சார்ஜ் பேட்டரியை மாட்டி, ஏசி, பாட்டு எதையும் போடாமல் ஓட்டச் சொன்னார். அத்தை ஓட்டினாள். நான் பின்னால் அவர் தலையைத் தாங்கி உட்கார்ந்திருந்தேன். அவர் மூச்சில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு இருபது. அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அத்தையும் பழைய பழக்கத்தில் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினாள்.

மாலையில் அவர் மகள் வந்தார். “எப்படிம்மா இவ்வளவு நேரம் ஆச்சு?”

நான் தையல்காரரின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

“எரியற லைட்டை மறைச்சு ஸ்டிக்கர் ஒட்டிட்டேம்மா” என்றாள் அத்தை. “நான்தான். புத்தி இல்லாம.”

மகள் கத்தினார். “நம்பித்தானே அனுப்பினோம்? எங்கப்பா உயிரு உங்களுக்கு வெளையாட்டா?” தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. அத்தை தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். ஒட்டியது நான்தான் என்று நான் சொல்லவில்லை.

தையல்காரர் பிழைத்துக்கொண்டார். பதினோரு நாள் உள்ளே இருந்தார். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. தையல் மிஷினில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது என்கிறார்கள். சேதி எட்டு வீட்டுக்கும் போனது. ஒவ்வொருவராக வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். கிழவி எங்கள் வாசலில் தூசி படிந்து நிற்கிறது. அத்தை பழைய பிரிவிலேயே திரும்பச் சக்கர நாற்காலி தள்ளுகிறாள். சாயங்காலம் மருத்துவமனை வாசலில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு, நடந்து வீட்டுக்கு வருகிறாள்.

ஏன் அப்படிச் சொன்னீங்க அத்தை என்று ஒரு நாள் கேட்டேன்.

“வண்டி யாருது? என்னுது. பார்த்துச் சிரிச்சது யாரு? நானு. போ, போய் அடுத்து என்ன படிக்கலாம்னு பாரு.”

என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் இதை எழுதினேன். கார் வைத்திருக்கிற யாருக்காவது இதைச் சொல்லுங்கள். சாவி போட்டதும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டியவை அந்த விளக்குகள். எது அணையவில்லை என்று பார்க்கச் சொல்லுங்கள். போனில் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த மருத்துவமனைப் பக்கம் போகிற யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களிடம் இன்னும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ஸ்டிக்கர் ஒட்டியது அத்தை இல்லை.