மலையின் கீழ்ப்பாதி

ரயில் நிலையத்தின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரைப் பார்த்தவர்கள், சில்லறை வாங்க மறந்து நிற்பதுண்டு. அப்படி ஒரு தோள், அப்படி ஒரு மார்பு. அவர் எழுந்து வெளியே வந்தால்தான் வம்பு. இடுப்புக்குக் கீழே இரண்டு கொக்குக்கால்கள். சோம்பலால் வந்த குறை என்று நினைத்துவிடாதீர்கள். பக்தியால் வந்தது.

'மலை' என்று ஒரு ஆணழகர் இருந்தார். ஜிம்மில் இயந்திரங்களும் கடையில் சத்துமாவு டப்பாக்களும் வருவதற்கு முந்தைய காலம். இரும்பு, முட்டை, பால், தூக்கம், இவ்வளவுதான் அவருடைய சொத்து. அதை வைத்தே உலகத்தை அண்ணாந்து பார்க்க வைத்தார். நம் டிக்கெட்காரர் அவரை நேரில் கண்டதில்லை. கல்யாணமான வாரத்தில் பழைய பேப்பர் கடையில் மலையின் ஆளுயரப் படம் ஒன்று அகப்பட்டது. புதையல் எடுத்தவரைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மனைவி வீட்டிலேயே துணி தைப்பவர். படத்தை விரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏங்க, இந்த ஆளு ஜட்டியோட நிக்கிறாரு. இவரு முன்னாடி நான் எப்படிங்க தூங்குறது?"

"அவரு சும்மா ஆளு இல்லம்மா. மலை!"

"மலையா இருந்தா என்ன? ஜட்டிதானே போட்டிருக்கு?"

புது மனைவியிடம் வாதாடி ஜெயித்தவன் உண்டா? கத்தரிக்கோல் படத்தை இடுப்போடு இரண்டாக்கியது. மேல்பாதி சுவரேறியது. கீழ்ப்பாதியை வீணாக்க மனமில்லாமல், மனைவி அதை அலமாரித் தட்டில் கவிழ்த்து விரித்து, மேலே துணிகளை அடுக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் டிக்கெட்காரர் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எடை தூக்கினார். மார்பைப் பார்த்தார், மார்பு வளர்ந்தது. புஜத்தைப் பார்த்தார், புஜம் வளர்ந்தது. காலோ சுவரில் இல்லை. வேலையும் உட்கார்ந்த வேலை. கண்ணில் படாதது கருத்திலும் படவில்லை. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டார்கள். கால் மட்டும் அப்படியே இருந்தது.

இந்த வருடம் ஊர் ஆணழகன் போட்டியில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்று முதல்முறையாக ஒரு பிரிவு வைத்தார்கள். ஒரு தடவையாவது மேடையில் நின்றுவிட வேண்டும் என்பது அவருடைய ஆயுள் ஆசை. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். போட்டி நோட்டீசைத் தன் ஜன்னலிலேயே ஒட்டி, டிக்கெட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்தார்கள். தட்டிலிருந்த தாளை உருவித் திருப்பினால், மலையின் கால்கள்! தொடை ஒவ்வொன்றும் ஒரு தூண். கெண்டைக்காலோ கடைந்தெடுத்தது போல இருந்தது. டிக்கெட்காரர் தன் லுங்கியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகலம்மா. ஊரே சிரிக்கும்."

மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "வெட்டினது நான்தானே. நானே சரி பண்றேன். எழுந்திரிங்க."

மறுநாள் காலை, அந்த அம்மாள் கணவரின் முதுகில் ஏறிக்கொண்டார். அப்படியே உட்கார்ந்து எழ வேண்டும், அதன் பிறகு மாடிப்படி ஏற வேண்டும். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இந்த வயசுல உப்புமூட்டையா?" என்றார். அம்மாள் அசரவில்லை. கணவரின் காதோரம் குனிந்து, "கனம் பத்தலைன்னா சொல்லுங்க, நாளையிலேர்ந்து ரெண்டு பிடி கூடச் சாப்பிடுறேன்," என்றார். பாவம், அவருக்குச் சிரிக்கக்கூட மூச்சில்லை.

போட்டிக்கான ஜட்டியைத் தைத்ததும் அந்த அம்மாள்தான். இன்னும் கொஞ்சம் துணி வைக்கலாமே என்று கேட்டுப் பார்த்தார். போட்டி விதி இடம்கொடுக்காது என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

போட்டி நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. டிக்கெட்காரர் புஜத்தைக் காட்டியபோது கைத்தட்டல் கூரையைத் தொட்டது. பிறகு நடுவர் மைக்கில், "இப்ப கால்," என்றார். பின்வரிசையில் எவனோ, "கொக்கு!" என்று கத்தினான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. டிக்கெட்காரரின் எண்ணெய் பூசிய முகம் சுருங்கியது. பார்வை மேடையின் பக்கவாட்டுக் கதவுக்குப் போனது. ஓடிவிடத்தான் பார்த்தார்.

அப்போது மூன்றாம் வரிசையில் ஒரு பெண்மணி நாற்காலிமேல் ஏறி நின்றார்.

"ஏங்க! அங்க என்ன பாக்குறீங்க? திரும்பி நில்லுங்க! கெண்டைக்காலைக் காட்டுங்க! நல்லா முறுக்குங்க!"

காகிதத்தில் நின்ற மனிதனுக்கே கூசியவர் அவர். இப்போது அரங்கமே திரும்பிப் பார்த்தும் உட்காரவில்லை. டிக்கெட்காரர் திரும்பினார். குதிகாலை உயர்த்தினார். இரண்டு கெண்டைக்காலிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சதை திரண்டு நின்றது. சிரித்தவர்களில் சிலர் கைதட்டினார்கள். அந்தப் பின்வரிசைக் குரல்கூட விசிலடித்தது.

கிடைத்தது கடைசி இடம்தான். ஆனாலும் அடுத்த வருடத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். மனைவி துண்டுடன் காத்திருந்தார். முதுகு எண்ணெயைத் துடைக்கத் துடைக்க, டிக்கெட்காரர் சின்னப்பிள்ளை போலக் கேட்டார்:

"கால் தெரிஞ்சுதாம்மா?"

"எனக்கு வேற ஒண்ணுமே தெரியலீங்க."