ஆமினா உம்மாவின் மூன்று வரி

இறந்துபோன ஒரு தாயைப் பதினெட்டு மாதம் என் பத்திரிகையில் உயிரோடு வைத்திருந்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

என் சந்தாதாரர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது ‘மூன்று வரி’யின் பத்தாம் ஆண்டு இதழ். பத்து ஆண்டுகள்! ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

எழுபதுகளின் இறுதியில், காரைக்கால் கோவில்பத்தில் தட்டச்சுப் பயிலகம் நடத்திக்கொண்டே இதைத் தொடங்கினேன். தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவுக்கு விமானம் ஏறிய காலம். சந்தாதாரர் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் நானே சைக்கிளில் போவேன். கண்ணால் கண்டதை மூன்றே வரியில் எழுதி, சைக்ளோஸ்டைலில் படியெடுத்து, விமானத் தபாலில் அனுப்புவேன். ‘போலகம் அந்தோணி வீட்டில் புதுக் கதவு. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிப்பு நிற்கவில்லை.’ அவ்வளவுதான். பெண்பிள்ளைக்கு எதற்குப் பத்திரிகை என்று கேட்டவர்களெல்லாம் வாயடைத்துப் போனார்கள்!

என் முதல் சந்தாதாரர், வளைகுடாவில் வேலை பார்த்த யூசுப். அவருடைய தாய் ஆமினா உம்மா நோன்பு மாதத்தில் இறந்தார். தங்கை சுலைஹாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அண்ணனின் கடிதங்களைப் படித்துச் சொல்வதும், பதில் எழுதுவதும் நான்தான்.

“இப்பப் போட்டுடாதீங்க டீச்சர். நோன்போட தனியா கெடந்து அழுவாரு. பெருநாள் கழியட்டும். அப்புறமா நீங்களே பக்குவமாப் போட்டுடுங்க,” என்றாள்.

பெருநாள் கழிந்தது. இறப்புச் செய்தியை ஸ்டென்சில் தாளில் தட்டியும் விட்டேன். அன்றுதான் யூசுபின் கடிதம் வந்தது. என் இதழ் வந்த வாரத்து வெள்ளிக்கிழமை, அறையில் கூடத் தங்கியிருப்பவர்களுக்குச் சத்தமாகப் படிக்கிறாராம். உம்மாவின் வரிகளைக் கேட்டுவிட்டுப் பதினான்கு பேர் சந்தா சேர்கிறார்களாம்.

பதினான்கு பேர்...

அந்த வரிகளின் மேல் திருத்தும் மையைப் பூசினேன். காய்ந்ததும் அதன்மேலேயே தட்டினேன்: ‘ஆமினா உம்மா நலம். முற்றத்தில் வற்றல் காய்கிறது. காக்கையோடு சண்டை.’

சுலைஹாவிடம் போட்டுவிட்டேன் என்றேன். அண்ணன் கடிதங்களில் உம்மாவை விசாரித்த இடங்களைத் தாண்டிப் படித்தேன். என்ன நெஞ்சம் எனக்கு!

பதினான்கு பேர் நூறானார்கள், நூறு அறுநூறானது. சிங்கப்பூர், பிரான்ஸ் என்று முகவரிகள் நீண்டன. தபால் நிலையத்தில் என் கட்டுகளுக்கென்றே தனிச் சாக்கு! அந்த நாட்களில் நான் வெட்கப்பட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். தலை நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஒப்பந்தம் முடிந்து யூசுப் வந்தார். மறுநாளே இதழ்க் கட்டோடு பயிலகத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

“ஆறாம் மாசமே தெரிஞ்சுபோச்சு டீச்சர். கூட்டாளிக்கு வீட்டுலேருந்து கடிதாசி வந்துச்சு.”

தட்டச்சு இயந்திரத்தை உறையிட்டு மூடினேன்.

“அடுத்த வெள்ளிக்கிழம உங்க புத்தகம் வந்துச்சு. உம்மா முருங்கைக்கீர ஆயுறாங்கன்னு போட்டிருந்தீங்க. நான்தான் சத்தமாப் படிச்சேன். அங்க இருந்த எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

“மவுத்தான செய்தி மட்டும் இன்னும் வரல. அதப் போட்டுடுங்க. படிக்கிறவங்க நாலு பேரு உம்மாவுக்காக துஆ செய்வாங்க. மூணு வரிதானே டீச்சர்.”

போடுகிறேன் என்றேன். போடவில்லை. ஒரு வீட்டின் வரி பொய் என்று தெரிந்தால், அறுநூறு வீட்டின் வரிகளையும் நீங்கள் சந்தேகிக்க மாட்டீர்களா? இரண்டு ஆண்டுகள் அவர் ஊரில் இருந்தபடியே சந்தா கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு கட்டவில்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

சென்ற வாரம் பத்தாம் ஆண்டு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். மகிழ்ச்சியாகத்தான் வாங்கிக்கொண்டேன், அதையும் மறைக்கப்போவதில்லை. எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்தில் யூசுபைத் தேடினேன். அவர் மறுபடியும் கடல் கடந்துவிட்டார். தெரிந்த முகவரிக்கு அனுப்பிய இதழ் இரண்டு முறையும் திரும்பி வந்துவிட்டது.

இந்த முறை மை பூசவில்லை.

ஆமினா உம்மா, காரைக்கால்.
யூசுப், சுலைஹா ஆகியோரின் தாய்.
எட்டு ஆண்டுகளுக்கு முன், நோன்பு மாதத்தில் மவுத்தானார்கள்.

அறுநூறு பேருக்கும் இது வந்து சேரும். கேட்டவருக்கு மட்டும் சேராது.